அடிவாரத்துக் காற்று எனக்கு வேண்டாம்

என் வயதுக்காரர்களே, காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடக்கக் கிளம்புகிறவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நம் பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் கொஞ்ச நாளாக ஒரே பேச்சு. பாலசமுத்திரம் பக்கம் மலையடிவாரத்தில் மனை போடுகிறார்களாம். ஆளுக்கொன்று வாங்கி அடுத்தடுத்து வீடு கட்டிக்கொண்டால், கடைசிக் காலத்தில் சுத்தமான காற்றைச் சுவாசித்துக்கொண்டு நிம்மதியாகக் கிடக்கலாமாம். படம் வேறு அனுப்புகிறார்கள். பின்னால் மலை, முன்னால் தென்னை, நடுவில் கல் ஊன்றிய வெறும் நிலம். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை என்று ஒருத்திக்கு வருத்தம். "திண்டுக்கல் தூசியிலயே கெடந்து சாகப் போறியா?" என்று கேட்டிருக்கிறாள்.

ஆமாம், அப்படித்தான் உத்தேசம். காரணம் சொல்ல வேண்டுமென்றால் அது கட்டைவிரலால் தட்டி முடிகிற கதை இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த ஊரை எனக்குத் தெரியும். ஒன்பது பத்து வயதில், ஆடிக் காற்று தொடங்கி ஐப்பசி மழை வரைக்கும் அங்கே இருந்தேன். இருந்தேன் என்பதைவிட, வைத்திருந்தார்கள் என்பதுதான் சரி.

எங்கள் வீடு பேகம்பூரில், தோல் ஷாப்புகளை ஒட்டிய தெருவில். என்னைப் பெற்ற அத்தா அவற்றில் ஒன்றில் மேஸ்திரி. தோல் ஷாப்பு என்றதும் வெளியூர்க்காரர்கள் செருப்புக் கடையை நினைத்துக்கொள்வார்கள். அது பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு, மயிரை நீக்கி, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கரைத்த தொட்டிகளில் மாற்றி மாற்றிப் போட்டுப் பதப்படுத்துகிற இடம். நாற்றம் உண்டா என்றால் உண்டு. இல்லை என்று சொன்னால் நாளைக்கு அல்லாவிடம் நான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் எல்லாம் ஒரே நாற்றம் இல்லை. பச்சைத் தோல் மூக்கைத் திருகும். சுண்ணாம்பு கண்ணைக் கரிக்கும். ஆவாரம்பட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றால் மழை விட்ட மரத்தடியில் நிற்கிற மாதிரி இருக்கும். அத்தா வேலை முடிந்து வந்து என்னைத் தூக்கும்போது அவர் சட்டையை மோந்து, இன்றைக்கு எந்தத் தொட்டிப் பக்கம் நின்றார் என்று சொல்லிவிடுவேன். அவர் சிரிப்பார். அது எங்கள் இருவருக்குமான விளையாட்டு.

அந்த விளையாட்டு ஒரு கல்யாண வீட்டோடு நின்றுபோனது. பந்தியில் அத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா வழி உறவுக்காரர் ஒருவர், மூக்கைச் சுளித்துக்கொண்டு இலையோடு எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டார். பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் முதற்கொண்டு பார்த்தார்கள். அத்தா சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தார். மறுநாள் வரும்போது கையில் ஒரு பெரிய பொட்டலம் சாம்பிராணி இருந்தது.

மற்ற வீடுகளில் வியாழக்கிழமை மாலை மட்டும் சாம்பிராணி போடுவார்கள். எங்கள் வீட்டில் அன்றிலிருந்து தினமும் பொழுது சாயும் மக்ரிப் நேரத்துக்குப் புகை. அதுவும் கதவு சன்னலைச் சாத்திவிட்டு. துணிமணியிலெல்லாம் வாசனை ஏற வேண்டும், அடுத்த தடவை எவனும் எழுந்து போகக் கூடாது என்பது அத்தாவின் கணக்கு. கரி கனன்று புகை கூரை வரை ஏறி, பின் மெல்ல இறங்கி, எங்கள் தலை மட்டத்தில் நிற்கும். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சமைப்பாள்.

எனக்கு இளைப்பு வந்தது அதற்குப் பிறகுதான். பொழுது சாய்ந்தால் நெஞ்சுக்குள் ஒரு விசில். முதுகை வளைத்து உட்கார்ந்தால்தான் மூச்சு வரும். டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். எந்தத் தெரு என்று கேட்டார். பேகம்பூர் என்றதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தோல் ஷாப்புக் காற்று பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கொஞ்ச நாள் நல்ல காற்றுள்ள இடத்தில் வையுங்கள் என்றார். எப்போது இளைக்கிறது, அப்போது வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவது என்பார்களே, அதுதான். அத்தா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். தன் மேல் அடிக்கிற வாடை தன் மகளின் மூச்சையே அடைக்கிறது என்று அவர் நம்பிவிட்டார். அந்த டாக்டர் இன்றைக்கு உயிரோடு இருந்தால் அவரிடம் எனக்குக் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

பாலசமுத்திரத்தில் அம்மாவின் அக்கா இருந்தாள். அவள் கணவர் பெரியத்தாவுக்குத் தேங்காய் வியாபாரம். வசதியான வீடு, பிள்ளை இல்லை. என்னை அனுப்புகிறோம் என்றதும் பெரியம்மாவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

அத்தாதான் என்னைப் பஸ்ஸில் கூட்டிப் போனார். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் மலை கூடவே வர ஆரம்பித்தது. ஆயக்குடியில் கொய்யாப்பழம் வாங்கித் தந்தார். வழி முழுக்க என்னிடமிருந்து ஒரு சாண் தள்ளியே உட்கார்ந்திருந்தார். என்ன என்று அப்போது புரியவில்லை. தன் வாடை என் மேல் படக் கூடாதென்றுதான் என்பது இப்போது புரிகிறது.

ஊர் அழகுதான், மறுக்கவில்லை. தெருக்கோடியில் நின்றால் மலை வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். வாய்க்காலில் ஆடி மாதத்துத் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடும். நெல் வயலைத் தாண்டி எங்கோ மயில் அகவும். அப்புறம் ஒரு சத்தமும் இருக்காது. நீங்கள் அதை அமைதி என்கிறீர்கள். பூட்டுப் பட்டறைச் சத்தமும் தோல் வண்டிகளின் கடகடப்பும் கேட்டு வளர்ந்த எனக்கு அது காது அடைத்துப்போன மாதிரி இருந்தது. மத்தியானத்தில் தெருவே உறங்கும். ஒரு தேங்காய் மட்டை விழுந்தால் யார் வீட்டுத் தோப்பு என்று சொல்லிவிடலாம்.

போன அன்றைக்கே பெரியம்மா என்னைக் கிணற்றடியில் உட்காரவைத்துச் சீயக்காய் தேய்த்தாள். அலசினாள், மோந்தாள், மறுபடி தேய்த்தாள். கொண்டுபோன கவுன்களைக் கொதிக்கும் நீரில் போட்டாள். என்னிடம் ஒரு தோல் பை இருந்தது. ஷாப்பில் கழிந்த துண்டுகளைச் சேர்த்து அத்தா தைத்துக் கொடுத்த சுருக்குப் பை. உள்ளே புளியங்கொட்டையும் ஒரு பித்தளைச் சாவியும் வைத்திருந்தேன். அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய்க் குப்பைக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டாள். அழுதேன். புதுப் பை வாங்கித் தருவதாகச் சொன்னாள். வாங்கியும் தந்தாள், பூப்போட்ட பிளாஸ்டிக் பை. அதை நான் கையால் தொடவில்லை.

பெரியம்மா கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். தேங்காய்ப்பால் சோறு ஆக்கி, கறி ஆணத்தில் எலும்பில்லாத துண்டாகப் பொறுக்கி ஊட்டினாள். தலை பின்னிவிடும்போது அவள் விரல் அவ்வளவு மெதுவாக இருக்கும். என்னை மடியில் கிடத்தித் தட்டிக்கொடுக்கும்போது அவளே தூங்கிப்போவாள். அந்த மடி எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் பின்னால் நடந்தது இவ்வளவு கஷ்டமாகப் போயிற்று.

இளைப்பு குறையவில்லை, கூடியது. டவுன் காற்று பிள்ளை உடம்புக்குள் ஊறிக் கிடக்கிறது, விரட்ட வேண்டும் என்று பெரியம்மா முடிவு செய்தாள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை சாம்பிராணி. கூடவே நொச்சித் தழை. சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் தலையைச் சுற்றிக் காட்டுவாள், ஈரத் தலையை அதன் மேல் விரித்துப் பிடிப்பாள். நான் இருமினால், வெளியே வருகிறது என்று சந்தோஷப்படுவாள். நோய்க்குப் பார்ப்பதா பேய்க்குப் பார்ப்பதா என்கிற கதைதான். திண்டுக்கல்லிலிருந்து தேங்காய் லாரியில் வந்து போகிற ஆள் மூலமாக, பிள்ளை தேறிவருகிறது என்று அம்மாவுக்குச் சேதி மட்டும் தவறாமல் போனது.

ஒரு நாள் பக்கத்து வீட்டு அம்மா, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு முறுக்கைக் கொடுத்துவிட்டு, "ஏனம்மணி, இனிப் படிப்பெல்லாம் இங்கத்தானா? பொறந்த வூட்டுக்கு லீவுக்குத்தான் போவியாட்ட இருக்குது" என்றார்.

முறுக்கு வாயில் அப்படியே நின்றது. பிறந்த வீடு என்பது கல்யாணம் ஆனவர்கள் பேசுகிற பேச்சு. அந்தி நேரம் பெரியத்தாவிடம் கேட்டேன். அவருக்குப் பொய் வராது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஐப்பசியில் உன் அத்தா அம்மா வருவார்கள், ஓதிக்கொடுக்கிற அஜரத்தை வைத்து ஒரு பாத்திஹா ஓதி உன்னை எங்கள் பிள்ளையாகவே வைத்துக்கொள்வதாகப் பேச்சு, பெரிய பள்ளிக்கூடம் பழனியில் இருக்கிறது, உனக்கு ஒரு குறையும் வராது என்றார். நல்ல காற்றுக்காகத்தான் எல்லாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

இப்படி ஒரு பிள்ளையை அக்கா தங்கைக்குள் மாற்றிக்கொள்வது நம் குடும்பங்களில் இல்லாததில்லை. உங்களிலேயே இருவர் அப்படி வளர்ந்தவர்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என்னைக் கேட்கவில்லை. என் மூச்சை வைத்து என்னைக் கை மாற்றப் போகிறார்கள், அந்த மூச்சு எதனால் அடைக்கிறது என்று எவருக்கும் தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியவில்லை.

தெரிந்தது புரட்டாசியில். ஆத்தூரில் பெரியத்தா வழியில் ஒரு மவுத்து விழுந்து, அடக்கம் முடிந்து பெரியத்தா திரும்பிவிட, பெரியம்மா மட்டும் சில நாள் அங்கேயே தங்கும்படி ஆயிற்று. வீட்டில் நானும் பெரியத்தாவும். அவர் ஆக்கிய சோறு குழைந்திருக்கும், வெஞ்சனம் என்று கருவாட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. சாம்பிராணி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவர் நினைவில் இல்லை. அந்த நாட்களில் எனக்கு விசில் கேட்கவில்லை. வாய்க்கால் கரையில் ஓடினேன். மலை தொடங்குகிற இடம் வரை போய், முதல் பாறை மேல் ஏறி உட்கார்ந்து, வாய் நிறையக் காற்றை இழுத்துப் பார்த்தேன். அது நெஞ்சின் அடி வரைக்கும் போனது. தோப்பிலிருந்து பார்த்த பெரியத்தா, பிள்ளைக்குக் கால் முளைத்துவிட்டது என்று சிரித்தார்.

பெரியம்மா திரும்பி வந்தாள். காலைக் கழுவியதும் முதல் வேலையாகக் கரியைப் பற்றவைத்தாள். சோற்றைப் போட்டு என் முன் வைக்கும்போது விசில் வந்துவிட்டது.

எனக்குள் விளக்கு போட்டது போல் ஆயிற்று. எங்கள் வீட்டில் எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் வரும் என்பதெல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன. பெரியம்மாவிடம் அப்போதே சொன்னேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அல்லாவிடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பா சொன்னாள். வானத்து மலக்குகள் இறங்கி வருகிற வாசனையை நோய் என்று சொல்லலாமா, நாக்கு அழுகும் என்றாள். பெரியத்தாவிடம் சொன்னேன். பெண்கள் சமாச்சாரம் என்று தோப்புக்குப் போய்விட்டார். மறுபடி பெரியம்மாவிடம் சொன்னேன். இனி இந்தப் பேச்சை எடுத்தால் சூடு வைப்பேன் என்றாள். சட்டி என் தலையைச் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

ஐப்பசியில் அம்மாவும் அத்தாவும் வந்தார்கள். வெளியே விடாத மழை. அம்மா கையில் ஒரு டிரங்குப் பெட்டி. திறந்து பார்த்தேன். என் துணிகள் எல்லாமே அதில் இருந்தன, குளிருக்குப் போடுகிற ஸ்வெட்டர் வரைக்கும். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

மாலையில் பழனியிலிருந்து அஜரத் வந்தார். உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். எனக்குப் புதுப் பாவாடை சட்டை. பெரியம்மா என்னை மடியில் இருத்திக்கொண்டாள். எதிரே தாம்பாளத்தில் சீனி, வாழைப்பழம், பூ. பக்கத்தில் சாம்பிராணிச் சட்டி. மழைக்காகக் கதவைச் சாத்தியிருந்தார்கள். யாரோ ஒருவர் தாராளமாக ஒரு கை அள்ளிப் போட்டார். புகை குப்பென்று எழுந்தது. அம்மா சுவரோரமாக, யாரையும் பாராமல் உட்கார்ந்திருந்தாள். அத்தா கூட்டத்துக்கு வெளியே, வாசற்கதவை ஒட்டி, இங்கேயும் ஒரு சாண் தள்ளி.

நான் மடியிலிருந்து இறங்கினேன். அஜரத்துக்கு வைத்திருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்தேன். சட்டியில் ஊற்றினேன்.

புஸ்ஸென்று சத்தம். சாம்பல் எழும்பிச் சீனி மேலும் பழத்தின் மேலும் அஜரத்தின் வெள்ளைச் சட்டை மேலும் விழுந்தது. அம்மா எழுந்து வந்து என் கன்னத்தில் ஒன்று விட்டாள். நான் அழவில்லை. அழுவதற்கு மூச்சு வேண்டுமே.

"இந்தப் பொகையிலதான் எனக்கு மூச்சு முட்டுது. தோல் ஷாப்பு வாடையில இல்ல. யாருகிட்டச் சொன்னாலும் கேக்க மாட்றீங்க" என்றேன். ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. விட்டு விட்டுத்தான் சொன்னேன், ஆனால் முழுசாகச் சொன்னேன்.

அஜரத் சட்டையைத் தட்டிக்கொண்டார். ஓதுவதற்குப் புகை கட்டாயமில்லை, கதவைத் திறந்து வையுங்கள் என்று மட்டும் சொன்னார். கதவைத் திறந்தவர் அத்தா. மழைச் சாரல் உள்ளே அடித்தது. அவர் திரும்பி வந்து, அத்தனை பேர் நடுவில், என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"எம்மேல அடிக்கிற வாடைக்குப் பயந்துதாம்மா நம்ம வீட்டுல பொகை போடச் சொன்னேன்" என்றார். என்னை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். புறப்படுவதற்கு முன் எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாரோ, அதையும் மீறி ஆவாரம்பட்டை மணத்தது. நான் இழுத்து இழுத்து மோந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு இறங்கியது.

பெரியம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். பிள்ளையைக் கொடுக்க மனசில்லாமல் நீதான் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய், நாலு பேர் முன்னால் என்னை மலடி என்று காட்டவா இந்த நாடகம் என்று கேட்டாள்.

அம்மா அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குப் பேசினாள். "நான் சொல்லிக் குடுக்கலக்கா. எனக்கு அம்புட்டுத் தைரியம் இருந்திருந்தா இவள இங்க அனுப்பியே இருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு, டிரங்குப் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தாள்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நின்றோம். பெரியத்தா ஒரு சாக்குத் தேங்காயை ஏற்றிவிட்டார். பெரியம்மா வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். குடையைப் பிடித்துக்கொண்டு நேரே என்னிடம் வந்து, என் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். அந்த விரல் அப்போதும் மெதுவாகத்தான் இருந்தது. பிறகு சொன்னாள்: "ஒன்ன மாதிரி ஒரு புள்ளைய அல்லா எனக்குக் குடுக்காததே நல்லது."

எங்கள் வீட்டில் சாம்பிராணி நின்றது, என் இளைப்பும் நின்றது. அக்கா தங்கைக்குள் பேச்சும் நின்றது. அம்மா மவுத்தானபோதுதான் பெரியம்மா எங்கள் வாசலை மிதித்தாள். இரண்டு பேரையும் பிரித்தது நான்தான் என்று குடும்பத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். ஆமாம், நான்தான். ஒரு பிள்ளை எனக்கு மூச்சு முட்டுகிறது என்று சொன்னதால் உடைகிற உறவை வேறு எப்படித்தான் காப்பாற்றியிருக்க முடியும்?

ஆகவே தோழிகளே, நீங்கள் மனை வாங்குங்கள். அந்தக் காற்றின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அந்தப் பாறை மேல் உட்கார்ந்து நானும் அதைக் குடித்திருக்கிறேன். ஆனால் நல்ல காற்று என்ற பெயரில் என்னை என் தெருவிலிருந்து கிளப்புகிற வேலை ஒரு தடவை நடந்தது போதும்.

பெரியம்மா சொன்ன சொல் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. அவள் என்னை நேசித்தாள். நானும் அவளை நேசித்தேன், அந்தச் சட்டியோடு நின்ற கோலத்திலும் கூட. இருந்தாலும் சொல்கிறேன், அதே மாலையும் அதே மடியும் மறுபடி வந்தால், நான் இறங்குவேன், அந்தத் தண்ணீரை மறுபடியும் ஊற்றுவேன்.